மலிவான அமெரிக்க விஸ்கியைச் சுவைத்து அறிவது: நீட்டாகவும் காக்டெயிலிலும்

அமெரிக்க மதுக்கடை ஒன்றில் விஸ்கி அடுக்கின் முன்னால் முதன்முறையாக நிற்பவருக்கு எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: 20 டாலர் பாட்டிலுக்கும் 80 டாலர் பாட்டிலுக்கும் இடையில் உள்ள அந்த 60 டாலர் எதற்காக? ஸ்காட்ச் விஸ்கியில் பழகியவர்கள் விலை ஏற ஏறத் தரமும் ஏறும் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். அமெரிக்க விஸ்கியைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். இங்கே தரத்தின் அடித்தளத்தைச் சட்டமே போட்டுவைத்திருக்கிறது. அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வயதுக்கும், எளிதில் கிடைக்காத நிலைக்கும், பெயருக்கும் போகிறது. ஆகவே 30 டாலருக்குள் கிடைக்கும் பாட்டில்களைக் கொண்டே அமெரிக்க விஸ்கியின் குணங்களை ஏறத்தாழ முழுமையாகக் கற்றுக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ஒரே பாட்டிலை எதுவும் கலக்காமல் நீட்டாகவும், பிறகு காக்டெயிலிலும் என இரு வழியிலும் சுவைத்துப் பார்க்க வேண்டும். நீட்டாகச் சுவைக்கும்போது குறையாகத் தெரியும் குணமே காக்டெயிலில் அந்த விஸ்கியின் பலமாக மாறுவது அடிக்கடி நிகழ்கிறது. அதை அறியாதவர்கள் நல்ல பாட்டில்களைத் தவறான இடத்தில் வைத்து எடைபோட்டுவிடுகிறார்கள்.

சட்டம் போட்ட அடித்தளம்

அமெரிக்க விஸ்கியின் முதன்மை வகை போர்பன். அந்தப் பெயரை லேபிளில் அச்சிட வேண்டுமானால் அந்த விஸ்கி அமெரிக்காவுக்குள் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். புளிக்கவைக்கும் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடிக்கும்போது ஆல்கஹாலின் அளவு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உட்புறம் நெருப்பால் கருக்கப்பட்ட புதிய ஓக் பீப்பாயில், 62.5 சதவீதத்துக்கு மேற்படாத வீரியத்தில் அதை நிரப்ப வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நிறமியோ சுவையூட்டியோ சேர்க்க அனுமதி இல்லை. வீரியத்தைக் குறைக்க நீர் மட்டும் சேர்க்கலாம். ஸ்காட்ச்சில் காரமல் நிறம் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது; போர்பனிலோ கண்ணுக்குத் தெரியும் செம்பழுப்பு முழுவதும் மரத்திலிருந்து வந்தது. போர்பனைக் கென்டக்கி மாநிலத்தில்தான் தயாரிக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை, ஆனால் உலகில் விற்கும் போர்பனில் மிகப் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது என்பது உண்மை. 1964-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு தீர்மானத்தின் வழியாகப் போர்பனைத் தன் நாட்டுக்கே உரிய பொருள் என்று அறிவித்தது.

இந்த விதிகளில் 80 சதவீத வரம்பு சாதாரணமாகத் தோன்றினாலும் மிக முக்கியமானது. ஆல்கஹாலை 95 சதவீதத்துக்கு நெருங்கும் அளவுக்குத் தூய்மையாக வடித்தால் தானியத்தின் மணம் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். எஞ்சுவது எந்தப் பொருளிலிருந்து வடித்தாலும் ஒன்றுபோல் இருக்கும் வெறும் சாராயம். வரம்புக்குள் நிறுத்தினால் மக்காச்சோளத்தின் இனிப்பும் ரை என்ற தானியத்தின் காரமும் வடிநீரில் தங்கும். நம் ஊரில் விஸ்கி என்ற பெயரில் விற்கும் மலிவு ரகங்கள் பலவற்றின் அடிப்படை, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து தூய்மையாக வடித்தெடுத்த சாராயமே என்பதை அறிந்தவர்களுக்கு, மலிவான போர்பனும் மலிவான இந்திய விஸ்கியும் ஒரே வகைப் பொருள் அல்ல என்பது இங்கே விளங்கும். முன்னதில் மலிவு என்பது பெரும்பாலும் இளமையையும் பெருமளவு உற்பத்தியையும் மட்டுமே குறிக்கிறது.

லேபிளில் கவனிக்க வேண்டிய மற்றொரு சொல் ஸ்ட்ரெய்ட். இச்சொல் இருந்தால் அந்த விஸ்கி குறைந்தது 2 ஆண்டுகள் பீப்பாயில் இருந்திருக்கிறது என்று பொருள். 4 ஆண்டுகளுக்குக் குறைந்த வயதானால் அந்த வயதை லேபிளில் சொல்லியாக வேண்டும். ஆகவே ஸ்ட்ரெய்ட் என்ற சொல் இருந்து வயது எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால், உள்ளே இருப்பது குறைந்தது 4 ஆண்டு வயதுடையது என்று நம்பலாம். இதற்கு மாறாக, அமெரிக்காவில் பிளெண்டட் விஸ்கி என்று எழுதியிருக்கும் பாட்டிலில் ஸ்ட்ரெய்ட் விஸ்கி 20 சதவீதம் மட்டும் இருந்தாலே போதும். மீதி மணமற்ற சாராயமாக இருக்கலாம். ஸ்காட்ச்சில் பிளெண்டட் என்பது மதிப்புக்குரிய சொல்லாக இருப்பதால், தொடக்கநிலையில் இருப்பவர்கள் அமெரிக்க அடுக்கில் ஏமாறும் இடம் இதுதான். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்த வகையைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

வயதைப் பற்றியும் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்தில் விஸ்கி பெரும்பாலும் முன்பே பயன்படுத்திய பீப்பாய்களில், குளிர்ந்த காலநிலையில் மெல்லப் பக்குவப்படுகிறது. 12 ஆண்டுகள் என்பது அங்கே இயல்பான வயது. கென்டக்கியில் பீப்பாய் புதியது, உள்பக்கம் கரியானது, கோடைக்காலத்தில் கிடங்கின் மேல்தளங்கள் கடும் வெப்பம் அடைகின்றன. வெப்பத்தில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் புகுவதும், குளிரில் சுருங்கி வெளியே வருவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. அதனால் 4 முதல் 8 ஆண்டுகளுக்குள்ளேயே போர்பன் தன் முழு நிறத்தையும் இனிப்பையும் பெற்றுவிடுகிறது. அதற்கு மேல் நெடுங்காலம் வைத்திருந்தால் மரத்தின் துவர்ப்பும் கசப்பும் மற்றவற்றை அமுக்கிவிடும் அபாயம் உண்டு. 6 ஆண்டு போர்பனைக் கையில் வைத்துக்கொண்டு இது இளம் விஸ்கி என்று தயங்கத் தேவையில்லை.

1897-ன் முத்திரை

மலிவு விலையில் வாங்குபவருக்கு மிகவும் பயன்படும் சொற்றொடர் பாட்டில்டு இன் பாண்ட் என்பது. இதன் பின்னணியில் கலப்படத்தின் வரலாறு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் விஸ்கி பெரும்பாலும் பீப்பாயாகவே வியாபாரிகளுக்குப் போனது. அவர்களில் பலர் வெறும் சாராயத்தில் பழச்சாறு, புகையிலை முதலானவற்றைக் கலந்து நிறமும் காரமும் ஏற்றி, பழைய விஸ்கி என்று விற்றார்கள். லூயிவில் நகரில் மருந்து விற்பனையாளராக இருந்த ஜார்ஜ் கார்வின் பிரவுன் 1870-ல் ஓல்ட் ஃபாரஸ்டர் என்ற தம் போர்பனை முத்திரையிட்ட பாட்டில்களில் மட்டுமே விற்கத் தொடங்கியது இந்த நிலைக்கு ஓர் எதிர்வினை. எட்மண்ட் ஹெய்ன்ஸ் டெய்லர் போன்ற கென்டக்கி உற்பத்தியாளர்கள் அரசின் உத்தரவாதத்தையே கோரினார்கள். அதன் விளைவாக 1897-ல் பாட்டில்டு இன் பாண்ட் சட்டம் வந்தது.

அச்சட்டத்தின்படி அந்த முத்திரை பெறும் விஸ்கி, ஒரே வடிசாலையில், ஒரே ஆண்டின் ஒரே பருவத்தில் வடிக்கப்பட்டு, அரசின் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டுகள் இருந்து, சரியாக 50 சதவீத வீரியத்தில் பாட்டிலில் அடைக்கப்பட வேண்டும். அமெரிக்கக் கணக்கில் புரூஃப் என்பது ஆல்கஹால் சதவீதத்தின் இருமடங்கு. ஆகவே லேபிளில் 100 புரூஃப் என்று இருக்கும். கலப்பட அச்சம் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, ஆனால் சட்டத்தின் அந்த 50 சதவீதம் இன்று வேறொரு காரணத்துக்காக மதிப்புப் பெற்றிருக்கிறது: காக்டெயிலில் கரையாமல் நிற்கும் வலிமை அதில்தான் இருக்கிறது. ஈவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள், ஓல்ட் கிராண்ட்டாட் பாண்டட், ரிட்டன்ஹவுஸ் ரை ஆகிய மூன்றும் இந்த முத்திரையோடு நியாயமான விலையில் பரவலாகக் கிடைப்பவை. சட்டத்தின் முத்திரை இல்லாவிட்டாலும் 50.5 சதவீத வீரியமுள்ள வைல்ட் டர்க்கி 101-ஐயும் இதே வரிசையில் வைக்கலாம்.

தானியம் தரும் வேறுபாடு

போர்பனில் மக்காச்சோளம் பாதிக்கு மேல் இருக்கும். வழக்கத்தில் 70 முதல் 80 சதவீதம் வரை. சிறிதளவு முளைகட்டிய பார்லி சேர்வது மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகளுக்காக. சுவையில் ஒரு போர்பனை மற்றொன்றிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் மூன்றாவதாகச் சேரும் தானியம். அது பொதுவாக ரை. குளிர்நாடுகளில் விளையும் இத்தானியம் மிளகு, கிராம்பு, பட்டை ஆகியவற்றை நினைவூட்டும் காரத்தைக் கொடுக்கிறது. ஓல்ட் ஃபாரஸ்டரில் 18 சதவீதம் ரை. ஓல்ட் கிராண்ட்டாடில் ஏறத்தாழ 27 சதவீதம். ரைக்குப் பதிலாகக் கோதுமை சேர்த்தால் காரம் விலகி, மென்மையும் இனிப்பும் முன்னால் வரும். கென்டக்கியின் லொரெட்டோவில் தயாராகும் மேக்கர்ஸ் மார்க் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு; அதில் 16 சதவீதம் கோதுமை.

ரை விஸ்கி என்பது தனி வகை. அதில் ரை 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கென்டக்கி வடிசாலைகள் பெரும்பாலும் அந்த வரம்பை ஒட்டியே நிற்கின்றன. ரிட்டன்ஹவுஸ் அப்படிப்பட்டது, ஆகவே அதில் போர்பனின் இனிப்பு சற்று எட்டிப் பார்க்கும். மறுபுறம், இண்டியானா மாநிலத்தில் வடிக்கப்படும் புல்லெட் ரையில் 95 சதவீதம் ரை. அதன் மணத்தில் பச்சிலையும் புதினாவும் தெரியும். இரண்டும் ரை என்ற ஒரே பெயரில் விற்றாலும் சுவையில் உறவினர் என்று சொல்லும் அளவுக்குத்தான் நெருக்கம்.

டென்னசி விஸ்கியில் விதி ஏறக்குறைய போர்பனுடையதே. கூடுதலாக, பீப்பாயில் நிரப்பும் முன் வடிநீரைச் சர்க்கரை மேப்பிள் மரக்கரியின் ஊடாக வடிகட்டுகிறார்கள். ஜாக் டேனியல்ஸ் இவ்வாறே செய்கிறது. கரி சில கடுமையான மணங்களை எடுத்துவிடுவதால் மென்மை கூடுகிறது. கூடவே கொஞ்சம் தனித்தன்மையும் போகிறது என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அவர்களோடு சேர்ந்தவன்தான். உலகெங்கும் விற்கும் இந்த விஸ்கியின் சொந்த ஊரான லிஞ்ச்பர்க் அமைந்துள்ள கவுண்டியில் நெடுங்காலமாக மதுவிலக்கு நடப்பில் இருக்கிறது என்பது தனிக் கதை.

நீட்டாகச் சுவைப்பது

நீட்டாகச் சுவைப்பதன் நோக்கம் விஸ்கியை அறிவது. அதற்கு 15 மில்லிலிட்டர் போதும். ஒரு லார்ஜ் பெக்கின் கால்பங்குதான் அது. அதற்கு மேல் போனால் நாவு மரத்துப்போய், மூன்றாவது கிளாஸில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். கிளாஸ் வாய் குறுகியதாக, அடிப்பாகம் பருத்ததாக இருந்தால் மணம் ஓரிடத்தில் சேரும். கிளென்கேர்ன் என்ற பெயரில் விற்கும் சிறு கிளாஸ் இதற்கென்றே உருவாக்கப்பட்டது. அது இல்லையென்றால் சிறிய ஒயின் கிளாஸ் போதுமானது. அகன்ற வாயுள்ள டம்ளரில் மணம் சிதறிப்போகும்.

ஊற்றியதும் குடிக்காமல் சில நிமிடங்கள் விட்டுவிடுவது நல்லது. முதலில் எழும் சாராய நெடி அடங்கும். முகரும்போது மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்க வேண்டாம். கிளாஸை முகவாய்க்கு நேரே பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி மெதுவாக மூச்சிழுத்தால் ஆல்கஹால் குத்தாமல் மணம் மட்டும் வரும். போர்பனில் முதலில் தெரிவது பெரும்பாலும் வெனிலாவும் காய்ச்சிய சர்க்கரையும். இவை சேர்க்கப்பட்ட வாசனைகள் அல்ல. ஓக் மரத்தின் லிக்னின் நெருப்பில் சிதைந்து வெனிலின் உண்டாகிறது. மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரையாக உடைந்து கருகியதில் அந்தக் கருப்பட்டி மணம் வருகிறது. ஓக்கின் லாக்டோன்கள் தேங்காய் மணத்தையும், யூஜினால் என்ற பொருள் கிராம்பு மணத்தையும் தருகின்றன; கிராம்பிலேயே இருக்கும் அதே பொருள்தான் அது. சுவைக் குறிப்புகளில் பழைய தோல், புகையிலை, செர்ரி என்றெல்லாம் எழுதியிருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். நமக்குத் தெரிந்த மணங்களின் பெயரையே நாம் சொல்லலாம். ஜிம் பீம் போர்பனில் வறுத்த வேர்க்கடலையையும், வைல்ட் டர்க்கியில் மிளகையும் கண்டுபிடிப்பது யாருக்கும் கடினமல்ல.

முதல் வாயைச் சுவைக்கான வாயாகக் கருதக் கூடாது. அது நாவைப் பழக்குவதற்கு மட்டுமே. 50 சதவீத ஆல்கஹால் எதிர்பாராமல் பட்டதும் நாவுக்கு எரிச்சல் தவிர வேறெதுவும் தெரியாது. இரண்டாவது வாயில் மிகச் சிறிதளவு எடுத்து, நாவின் எல்லாப் பக்கமும் படும்படி மென்று, பிறகு விழுங்க வேண்டும். ஜிம் பீம் குடும்பத்தைச் சேர்ந்த புக்கர் நோ பரவலாக்கிய இந்த முறையைக் கென்டக்கி மெல்லல் என்கிறார்கள். விழுங்கிய பின் எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது, அது இனிப்பாக முடிகிறதா, காரமாகவா, துவர்ப்பாகவா என்பதைக் கவனித்தால், மலிவான விஸ்கிக்கும் விலை உயர்ந்த விஸ்கிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது என்பது புரியும். தொடக்கத்தில் எல்லா போர்பனும் இனிப்பே. சுவை தங்கும் நேரத்தில்தான் வயது பேசுகிறது.

அடுத்து, சில சொட்டு நீர். இதைக் குறைவாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் தொழில்முறைச் சுவைஞர்கள் நீர் சேர்த்தே ஆராய்கிறார்கள். ஆல்கஹாலின் செறிவு குறையும்போது மணப்பொருள்கள் சில திரவத்தின் மேற்பரப்புக்கு நகர்கின்றன என்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2017-ல் கணினி மாதிரிகளின் துணையோடு விளக்கினார்கள். குறிப்பாக 50 சதவீத விஸ்கியில் அரைத் தேக்கரண்டி நீர் சேர்த்த பின் காரத்தின் பின்னால் ஒளிந்திருந்த பழ மணங்கள் வெளிப்படும். ஐஸ் மட்டும் இப்போது வேண்டாம்; குளிர் மணத்தை அடக்கும், ஆராய வேண்டிய நேரத்தில் அது எதிரி.

ஒரே ஒரு விஸ்கியை மட்டும் சுவைத்தால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. மேக்கர்ஸ் மார்க், ஈவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள், ரிட்டன்ஹவுஸ் ரை ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால், கோதுமையின் மென்மை, சிறிதளவு ரையின் கூர்மை, பெரும்பங்கு ரையின் காரம் என்று ஒரு படிக்கட்டே கிடைக்கும். வீரியம் குறைந்த மேக்கர்ஸ் மார்க்கை முதலில் சுவைப்பதும், இடையிடையே நீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் எடுத்துக்கொள்வதும் அவசியம். இந்த வரிசையில் பெரும்பாலான புதியவர்கள் மேக்கர்ஸ் மார்க்குக்கே முதலிடம் கொடுப்பார்கள். நீட்டாகச் சுவைக்கும் அளவுகோலில் அது நியாயமான தீர்ப்புதான். ஆனால் அந்தத் தீர்ப்பை அப்படியே காக்டெயிலுக்குக் கொண்டுபோனால் தவறாகிவிடும்.

காக்டெயில் கேட்பது வேறு

1806-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வெளிவந்த செய்தித்தாள் ஒன்று, காக்டெயில் என்பது மது, சர்க்கரை, நீர், பிட்டர்ஸ் ஆகியவற்றின் கலவை என்று வாசகர் ஒருவருக்குப் பதிலளித்தது. அந்த விளக்கத்துக்கு இன்றும் அப்படியே பொருந்துவது ஓல்ட் ஃபேஷண்ட். 60 மில்லிலிட்டர் போர்பன், ஒரு தேக்கரண்டி சர்க்கரைப்பாகு, அங்கஸ்டூரா பிட்டர்ஸ் இரண்டு மூன்று சொட்டு. இவற்றை ஐஸோடு சேர்த்து அரை நிமிடம் கிளறி, பெரிய ஐஸ் கட்டி ஒன்றின் மேல் ஊற்றி, ஆரஞ்சுத் தோலை மேலே பிழிந்தால் முடிந்தது. பிழிவது சாற்றை அல்ல, தோலில் உள்ள எண்ணெயை. பிட்டர்ஸ் என்பது மூலிகைகளையும் வேர்களையும் ஆல்கஹாலில் ஊறவைத்த கசப்புச் சாறு; 1824-ல் வெனிசுலாவின் அங்கஸ்டூரா நகரில் ஜெர்மானிய மருத்துவர் யோஹான் சீகெர்ட் வயிற்றுக்கான மருந்தாக இதை உருவாக்கினார், இப்போது டிரினிடாடில் தயாராகிறது. இந்தக் காக்டெயில் லூயிவில் நகரின் பென்டெனிஸ் கிளப்பில் பிறந்தது என்ற கதை பலமுறை சொல்லப்படுகிறது. ஆனால் அந்தக் கிளப் தொடங்கப்பட்ட 1881-க்கு முன்பே சிகாகோ செய்தித்தாளில் இப்பெயர் வந்துவிட்டது.

ஓல்ட் ஃபேஷண்டில் விஸ்கியை மறைக்க எதுவும் இல்லை. சர்க்கரை மரத்தின் துவர்ப்பைச் சமன் செய்கிறது, பிட்டர்ஸ் காரத்துக்கு ஆழம் கொடுக்கிறது, உருகும் ஐஸ் நீர் சேர்க்கிறது. இங்கே வைல்ட் டர்க்கி 101 நிகரற்றது. நீட்டாகக் குடித்தபோது முரடாகத் தோன்றிய அதன் மிளகுக் காரமும் ஆழமாகக் கருக்கிய பீப்பாயின் கனமும், சர்க்கரையும் நீரும் சேர்ந்ததும் தம் இடத்தில் போய் அமர்கின்றன. அதே செய்முறையில் 40 சதவீத ஜிம் பீம் வெள்ளை லேபிளைப் போட்டால் முதல் சில வாய்கள் இனிமையாக இருக்கும். கால்மணி நேரம் கழித்து கிளாஸில் மிஞ்சுவது பிட்டர்ஸ் வாசனையுள்ள சர்க்கரை நீர்.

இதன் காரணத்தை மன்ஹாட்டன் காக்டெயிலில் கணக்காகவே காட்டலாம். அதில் 60 மில்லிலிட்டர் விஸ்கியோடு 30 மில்லிலிட்டர் இனிப்பு வெர்மூத்தும் பிட்டர்ஸும் சேர்கின்றன. ஐஸோடு கிளறும்போது சுமார் 25 மில்லிலிட்டர் நீர் உருகிச் சேரும். வெர்மூத்தின் வீரியத்தை 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 40 சதவீத விஸ்கியில் செய்த கலவை 25 சதவீதத்தில் நிற்கும். 50 சதவீத விஸ்கியில் செய்தது 30 சதவீதத்தைத் தொடும். காகிதத்தில் 5 சதவீதம் சிறிய எண். ஆனால் கூடுதல் வீரியம் என்பது ஆல்கஹால் மட்டுமல்ல, பாட்டிலில் அடைக்கும் முன் குறைவாக நீர் சேர்த்ததால் தங்கிய தானிய மணமும் மர மணமும் சேர்ந்தது. வெர்மூத் என்பது மூலிகை ஊறிய இனிப்பு ஒயின்; அதன் எதிரே பேசுவதற்கு விஸ்கிக்குக் குரல் வேண்டும். மேக்கர்ஸ் மார்க் போன்ற மென்மையான கோதுமை போர்பனை இங்கே போட்டால் இனிப்பின் மேல் இனிப்பு ஏறித் திகட்டும். ரிட்டன்ஹவுஸ் ரையின் கிராம்பும் கோகோவும் வெர்மூத்தின் மூலிகைகளோடு சேரும்போதுதான் இந்தக் காக்டெயில் ஏன் இவ்வளவு காலம் நிலைத்தது என்பது புரிகிறது. நீட்டாகச் சுவைத்தபோது மூன்றாமிடம் வாங்கிய பாட்டில் இங்கே முதலிடத்துக்கு வருவதை நேரில் பார்க்கலாம்.

19-ஆம் நூற்றாண்டின் நியூயார்க்கில் மன்ஹாட்டனுக்கு ரையைத்தான் ஊற்றினார்கள். பென்சில்வேனியாவும் மேரிலாந்தும் அன்று ரையின் தாயகங்கள். 1920 முதல் 1933 வரை நடப்பில் இருந்த மதுவிலக்கு அந்தத் தொழிலை முறித்தது, பிறகு வந்த தலைமுறை போர்பனில் மன்ஹாட்டன் செய்யப் பழகியது. ரிட்டன்ஹவுஸ் என்ற பெயரே பிலடெல்ஃபியா நகரின் ஒரு சதுக்கத்தைக் குறிக்கிறது. விஸ்கி மட்டும் கென்டக்கிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

விஸ்கி சவர் தன் சோதனையை வேறு திசையிலிருந்து வைக்கிறது. 60 மில்லிலிட்டர் விஸ்கி, 20 மில்லிலிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக எலுமிச்சைச் சாறு, அதே அளவு சர்க்கரைப்பாகு. விருப்பமிருந்தால் நுரைக்காக ஒரு முட்டையின் வெள்ளைக் கரு. இவற்றை ஐஸோடு ஷேக்கரில் வலுவாகக் குலுக்க வேண்டும். வெள்ளைக் கரு சேர்த்தால் முதலில் ஐஸ் இல்லாமல் ஒருமுறை குலுக்குவது நல்லது. அமெரிக்கர்கள் இதற்குப் பயன்படுத்துவது மஞ்சள் நிறமுள்ள பெரிய லெமன். நம் ஊர் எலுமிச்சை அவர்கள் லைம் என்று அழைக்கும் வகையோடு நெருங்கியது. அதன் கூர்மை போர்பனின் வெனிலாவோடு அவ்வளவு இணங்குவதில்லை, ஆகவே அளவைக் கொஞ்சம் குறைத்துத் தொடங்க வேண்டும். புளிப்பு மென்மையான விஸ்கியை எளிதில் விழுங்கிவிடும். ரை அதிகமுள்ள ஓல்ட் கிராண்ட்டாட் பாண்டட் இங்கே நன்றாகத் தாக்குப்பிடிக்கும். முட்டை சேர்த்த சவருக்கு அதைவிட நல்ல மலிவு விஸ்கி கிடைப்பது அரிது.

மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். நியூ ஆர்லியன்ஸ் நகரின் சஸெராக் காக்டெயிலுக்கு ரையும் பெய்ஷோ என்ற வகைப் பிட்டர்ஸும் கிளாஸில் பூசும் அளவு அப்சிந்த் என்ற மூலிகை மதுவும் தேவை. தொடக்கத்தில் அப்சிந்த் வாங்கும் செலவு வீண். விஸ்கியோடு கம்பாரி என்ற கசப்பு மதுவும் வெர்மூத்தும் சேரும் பூலவார்டியே என்ற காக்டெயில் 1920-களின் பாரிஸில் அமெரிக்கர்கள் குடித்தது; கம்பாரியின் கசப்புக்கு முன்னால் 50 சதவீதத்துக்குக் குறைந்த எதுவும் நிற்காது. சோடா சேர்த்த ஹைபாலுக்கு மட்டும் இந்த விதி தலைகீழ்: 40 சதவீத ஃபோர் ரோசஸ் போர்பனின் பழ மணமும் மலர் மணமும் அங்கே தெளிவாகத் தெரிகின்றன, முரட்டு விஸ்கி தன் காரத்தை மட்டுமே சோடாவில் விடுகிறது.

முதலில் எதை வாங்குவது

குறைந்த செலவில் தொடங்க விரும்புபவருக்கு ஐந்தாறு பாட்டில்கள் தேவையில்லை. 50 சதவீதத்தை ஒட்டிய போர்பன் ஒன்று, பாட்டில்டு இன் பாண்ட் ரை ஒன்று, அங்கஸ்டூரா பிட்டர்ஸ் ஒரு சிறு பாட்டில், இனிப்பு வெர்மூத் ஒன்று என்று வாங்கினால் இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை முயன்று பார்க்கலாம். போர்பனுக்கு ஈவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் போதும். சில டாலர் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் வைல்ட் டர்க்கி 101. ஒரே மாலையில் அந்த போர்பனை நீட்டாகச் சிறிது, சில சொட்டு நீரோடு சிறிது, பிறகு ஓல்ட் ஃபேஷண்டாக ஒன்று என்று பார்த்தால், ஒரே திரவம் எவ்வளவு மாறுகிறது என்பது தெரியும். மறுநாள் அதே போர்பனிலும் ரையிலும் பாதி அளவில் இரண்டு மன்ஹாட்டன்களைச் செய்து அருகருகே வைத்தால், தானியத்தின் வேறுபாடு நீட்டாகச் சுவைத்ததைவிடத் தெளிவாகவே புலப்படும்.

வெர்மூத் ஒயின் என்பதைப் பலர் மறந்து அலமாரியில் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். திறந்ததும் அது குளிர்சாதனப் பெட்டிக்குப் போக வேண்டும். ஓரிரு மாதங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும், ஆகவே சிறிய பாட்டிலாக வாங்குவதே சிக்கனம். கெட்டுப்போன வெர்மூத்தால் மன்ஹாட்டன் வீணாகி, பழி ரை மேல் விழுவது வழக்கமாக நடக்கிறது. விஸ்கிக்கு இந்தக் கவலை இல்லை. ஒயினைப் போலப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே வைக்க வேண்டும், இல்லையேல் வீரியமுள்ள ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய பிறகு உள்ளிருக்கும் காற்று மெல்ல மணத்தைக் குறைக்கத் தொடங்குவதால், அந்தக் கடைசிப் பகுதியை நீட்டாகச் சுவைப்பதற்கென்று சேமிக்காமல் ஓல்ட் ஃபேஷண்டில் தீர்த்துவிடலாம்.